வாசிப்பவரின் வாய்மை



நம் விருத்தாசலத்துக்கு வரும் வெளியூர் விருந்தினர் பழமலைநாதர் கோயிலைக் கண்ட பின்னர்ப் பீங்கான் பொருள்களைப் பற்றிக் கேட்பது வழக்கம். அவர்களை அழைத்துச் செல்வோரும் வண்ணப் பொம்மைகளையும் தேநீர்க் கோப்பைகளையும் காட்டி அனுப்பிவிடுவர். ஆயின் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவரும் பொருள்களுள் யாரும் விலை கேட்டு வியக்காத ஒன்று உண்டு. வீட்டு மின்பலகையில் நாம் செருகி வைக்கும் பியூஸ் கேரியரும், மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பீங்கானும்தாம் அவை.

அந்தப் பீங்கானின் பணி விந்தையானது. அது மின்சாரத்தைத் தன் தலையில் ஏந்துகிறது. ஆனால் அதில் ஒரு துளியையும் தனக்கென எடுத்துக்கொள்வதில்லை. தன்னிடமிருந்து ஒன்றையும் அதனுடன் சேர்ப்பதும் இல்லை. மழையிலும் வெயிலிலும் நின்று, வந்ததை வந்தபடியே வீடு நோக்கி அனுப்பி வைக்கிறது. இத்தன்மையை அது எளிதாகப் பெற்றதன்று. களிமண்ணாய்க் குழைந்து, அச்சில் அழுந்தி, 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பிறகே அது அப்பணிக்குத் தகுதி பெறுகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்துவிட்டால் போதும். மின்சாரம் போகக்கூடாத வழியில் போகும். கம்பத்தைத் தொட்டவன் மாண்டுபோவான்.

இப்பீங்கானைக் காணுந்தோறும் செய்தி வாசிப்போரை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவர்களுள் இருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். ஒருவரின் முகத்தை நாம் கண்டதில்லை. மற்றவரின் மொழி நம்மில் பெரும்பாலோருக்கு விளங்கியதில்லை. எனினும் இருவரையும் நம் வீட்டார் நம்பினர். ஏன் நம்பினர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குரல் மட்டும் அறிந்தோம்

முதலாமவர் சரோஜ் நாராயண்ஸ்வாமி. தொலைக்காட்சி நம் ஊர்களை எட்டிப் பாராத காலத்தில், காலை 7.15 மணிக்குத் தில்லியிலிருந்து ஒலித்த ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியில் அவர் தம் பெயரைச் சொல்லித் தொடங்கும்போது, தேநீர்க் கடைகளில் பேச்சு நிற்கும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு அதுவே மணியோசை.

தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர் அவர். ஆங்கில இலக்கியம் பயின்றவர். திருமணத்துக்குப் பின் தில்லிக்குக் குடிபெயர்ந்து, வங்கிப் பணியில் இருந்து, பின்னர் வானொலியில் சேர்ந்தார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அக்குரல் தமிழகத்தின் காலை வேளைகளில் ஒலித்தது. தமிழக அரசின் கலைமாமணி விருதையும் பெற்ற அவர், 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் தம் 87-ஆவது வயதில் காலமானபோது, முகமறியாத அவருக்காக வருந்திய தமிழர் பல்லாயிரவர்.

அவர் செய்த பணி எழுதிக் கொடுத்ததை வாசிப்பது மட்டுமன்று. தில்லி வானொலியில் பிராந்திய மொழிச் செய்தி வாசிப்போர் மொழிபெயர்ப்பாளர்களாகவும் இருந்தனர். பொதுவாக ஆங்கிலத்தில் வரும் செய்தித் தாள்களை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே தமிழாக்கி, மை உலருமுன் ஒலிவாங்கியின் முன் சென்று அமர வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு துண்டுத் தாள் வந்தால் அதனையும் பதற்றமின்றி இணைத்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பவருக்குச் சோதனை மிகுதி. 'கூறினார்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால் ஒரு மனிதர் குற்றவாளியாகிவிடுவார். 'காணவில்லை' என்பதை 'மாண்டனர்' என்று எழுதினால் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் தலையில் அடித்துக்கொண்டு அழும்.

இவ்விடத்தில் நம் பக்கத்து ஊரான கோணான்குப்பத்தை நினையாமல் இருக்க இயலவில்லை. பெரியநாயகி அன்னைக்கு அங்கே ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் தமிழுக்குச் செய்த தொண்டுகளுள் எழுத்துச் சீர்திருத்தமும் ஒன்று. முன்னாளில் எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் புள்ளியால் மட்டுமே வேறுபடுத்தினர். ஓலையிலோ புள்ளி இடாமல் விடுவதே பெரும்பாலும் வழக்கம். ஆகவே 'பெறு' என்று வாசிப்பதா, 'பேறு' என்று வாசிப்பதா, 'கொடு' என்பதா, 'கோடு' என்பதா என்று வாசிப்பவரே ஊகித்தறிய வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தை நீக்கினார் முனிவர். வாசிப்பவர் ஊகிக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும் என்னும் நியதிக்கு நம் மண்ணிலே கால்கொண்ட ஒரு குருவானவர் துணைசெய்திருக்கிறார் என்பது நமக்கு மகிழ்ச்சியன்றோ!

முகம் மட்டும் அறிந்தோம்

மற்றவர் சல்மா சுல்தான். போபாலைச் சேர்ந்த கற்றறிந்த இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் நடுவண் அரசின் வேளாண் அமைச்சகத்தில் உயர்பதவி வகித்தவர். தமக்கையார் மைமூனா சுல்தான் 1957-லும் 1962-லும் போபாலிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர். சல்மா தில்லியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்ற காலத்திலேயே தொலைக்காட்சியின் குரல் தேர்வுக்குச் சென்றார். 1967-இல் தொடங்கிய அவரது திரைப் பணி 1997 வரை, முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அவர் தொடங்கிய நாளில் இந்தியாவில் தொலைக்காட்சி என்பது தில்லி ஒன்றுக்கே உரியது. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஒளிபரப்பு, 1965-இல்தான் நாள்தோறும் நிகழ்வதாயிற்று. பம்பாய்க்கு 1972-லும், நம் சென்னைக்கு 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-லும் நிலையம் வந்தது. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதற்கும் பொதுவான தேசிய நிகழ்ச்சி தொடங்கியது; வண்ண ஒளிபரப்பும் அவ்வாண்டே பிறந்தது. இவ்வாறுதான் இந்தி தெரியாத நம் இல்லங்களிலும் இந்திச் செய்தி இரவுதோறும் நுழைந்தது. சொல் விளங்காவிடினும் நம் தாய்மார்கள் அவரைக் கூர்ந்து பார்த்தனர். காதருகே செருகிய ஒற்றை ரோஜாவும், ஒழுங்காக மடித்த சேலையும், மிகையில்லாத முகபாவமும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

அக்காலத்தில் எதிரே எழுத்துகள் ஓடும் கருவி கிடையாது. கையிலுள்ள தாளைக் குனிந்து பார்த்து, ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்தி, நிமிர்ந்து நேயர்களின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழிலும் ஷோபனா ரவி, வரதராஜன் முதலியோர் சென்னைத் தொலைக்காட்சியில் அத்தகைய நிதானத்தோடு வாசித்ததை நம்மில் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். தேர்தல் வெற்றியாயினும், புயல் சேதமாயினும், கிரிக்கெட் தோல்வியாயினும், வாசிப்பவரின் கட்சியும் சாதியும் கோபமும் குரலில் வெளிப்பட்டதில்லை. சல்மா சுல்தான் பின்னாளில் தொடர்களை இயக்கினார். பெண்களின் துயரங்களைப் பற்றித் தாம் எண்ணியதை அங்கே சொன்னார். செய்தி மேசையில் அமர்ந்தபோது சொல்லவில்லை. தம் கருத்துக்கு உரிய இடம் வேறு, மக்களுக்கு உரிய செய்தியின் இடம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1984, அக்டோபர் 31

அவ்வாழ்க்கையின் மிகக் கடினமான நாளும் வந்தது. அன்று காலை 9.20 மணியளவில் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தம் இல்லத்திலேயே தம் மெய்க்காவலர்களால் சுடப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் உயிர் நீத்த செய்தியை வெளிநாட்டு வானொலி முன்னரே உலகுக்குச் சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த அவருடைய மகன் ராஜீவ் காந்தியே பி.பி.சி. வானொலியைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள நேர்ந்தது. நம் நாட்டு வானொலியின் முறையான அறிவிப்போ மாலை ஆறு மணியளவில்தான் வந்தது. தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் அதனை நாட்டுக்கு வாசித்தவர் சல்மா சுல்தான். சுடப்பட்டுப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது.

நான் அப்போது பள்ளி மாணவன். கடைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டதும், பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதும் நினைவிலிருக்கின்றன. என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அந்நாள் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, சொல்ல வேண்டியவர் சொல்லத் தாமதித்தால் அந்த இடைவெளியை வேறொருவர் நிரப்புவார். இரண்டாவது, பொய்ச் செய்தி கொலை செய்யும். அடுத்த சில நாட்களில் தில்லித் தெருக்களில், சீக்கியர்கள் குடிநீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்றும், பஞ்சாபிலிருந்து பிணங்களை ஏற்றிய ரயில்கள் வருகின்றன என்றும் வதந்திகள் பரவின. அவை பொய். ஆயின் அப்பொய்களை நம்பியவர்கள் அண்டை வீட்டார் கொல்லப்பட்டபோது கதவைச் சாத்திக்கொண்டனர். தூண்டிவிட்ட கைகளும், தடுக்கத் தவறிய அதிகாரிகளும் அக்கொடுமைக்குப் பெருங்காரணர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அக்கைகளுக்கு வதந்தி ஒரு கருவியாயிற்று. அரசின் கணக்குப்படியே தில்லியில் மட்டும் மாண்ட சீக்கியர் 2,733 பேர்.

அன்று மாலை திரையில் தோன்றிய அம்மையாரிடம் ஒரு தாள் இருந்தது. அதிலிருந்ததை ஆத்திரமூட்டாமல், அழுது புரளாமல், ஒரு சொல்லையும் கூட்டாமல் வாசித்தார். அந்நிலையில் அவர் நாட்டுக்குச் செய்யக்கூடிய தொண்டு அதுவே. சில சொற்கள் மிகையாகியிருந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெயாகியிருக்கும்.

என் குற்றம்

பிறரைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதுவது எளிது. நானும் ஒருவகையில் செய்தி வாசிப்பவன்தானே! ஞாயிறுதோறும் திருப்பலி முடிவில் ஓலை வாசிக்கும் பங்குக் குருவின் சொல்லை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் எழுகின்றன, அமர்கின்றன. அப்பணியில் நான் தவறிய ஒரு நாளை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைத் திருப்பலி. நற்கருணை வழங்கி முடித்து அமர்ந்திருந்தேன். நம் பங்கின் சூளைத் தொழிலாளியான இளைஞர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தி பங்கைச் சேர்ந்த ஒருவரின் கைப்பேசிக்கு வந்திருந்தது. கோயில்பிள்ளை அதனை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. வீட்டாருக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. செபிக்க வேண்டும் என்ற ஆவல் ஒன்றே முந்திக்கொண்டது. எழுந்து, அவருடைய பெயரைச் சொல்லி, அவர் ஆன்மா இளைப்பாறும்படி மன்றாடுவோம் என்றேன்.

பெண்கள் பக்கத்தில் நான்காம் வரிசையிலிருந்து ஓர் அலறல் எழுந்தது. அவருடைய தாய் அங்கேதான் இருந்தார்.

அந்த இளைஞர் இறக்கவில்லை. காலில் முறிவோடு மருத்துவமனையில் படுத்திருந்தார். அச்செய்தி தெளிவாவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் அத்தாய் பட்ட துன்பத்தை நான் நேரில் கண்டேன்; திருப்பித் தர இயலாத கடன் அது. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"வேற யாராவது சொல்லியிருந்தா, போய் எம் புள்ளைய கண்ணால பார்த்துட்டுதான் சாமி அழுதிருப்பேன். நீங்க சொன்னீங்க. அதனாலதான் சாமி உடனே நம்பிட்டேன்."

குருமடத்தில் பயின்ற எந்த நூலும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை. நம்பிக்கை என்பது வாசிப்பவரின் சொத்து அன்று. கேட்பவர் அவரிடம் ஒப்படைத்திருக்கும் அடைமானம். நான் அதனை அன்று கவனமின்றிச் செலவழித்துவிட்டேன். பீங்கானில் விரிசல் இருந்தது.

அந்த இளைஞர் ஊன்றுகோலுடன் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு, "எனக்கு மோட்சம் கேட்டீங்களாமே சாமி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசிப்பவரும் நெறியாளரும்

1990-களில் செயற்கைக்கோள் வழித் தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. தமிழில் சன் தொலைக்காட்சி 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-இல் தொடங்கிற்று. பின்னர் இருபத்து நான்கு மணி நேரச் செய்தி நிலையங்கள் பெருகின. அரசு சொல்வதை மட்டுமே கேட்க வேண்டியிருந்த நிலை மாறிப் பல தரப்புகளையும் மக்கள் அறியும் வாய்ப்புக் கிடைத்தது. அது நன்மையே. 1984-இன் பத்து மணி நேரத் தாமதம் இன்று நிகழ முடியாது.

ஆயினும் ஒரு மாற்றம் சிந்திக்கற்பாலது. 'செய்தி வாசிப்பவர்' என்ற பெயர் தேய்ந்து, 'நெறியாளர்' என்ற பெயர் வளர்ந்தது. நல்ல நெறியாளர் கேட்கத் தயங்கும் வினாவைக் கேட்டு உண்மையை வெளிக்கொணர்கிறார். அவரை நாம் போற்றுகிறோம். மற்றச் சிலரோ வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் தாமே இருந்து, இரவு ஒன்பது மணிக்குள் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். செய்தியைவிடச் செய்தி சொல்பவர் பெரியவராகத் தோன்றும்போது நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

திருச்சபை இத்துறையைப் பகையாகக் கருதவில்லை. நோயுற்றுப் படுத்திருந்த புனித கிளாரம்மாள், தாம் செல்ல இயலாத கிறிஸ்து பிறப்புத் திருவழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டார் என்னும் வரலாற்றை முன்னிட்டு, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கு விடுத்த செய்தியில், பொய்ச் செய்தியின் தோற்றத்தை ஏதேன் தோட்டத்துப் பாம்பிடமே கண்டார். பாம்பு முழுப்பொய்யைச் சொல்லவில்லை. கடவுள் சொன்னதைச் சற்றே திரித்து, நலம் விரும்பும் நண்பனைப் போலச் சொன்னது. இன்று நம் கைப்பேசிக்கு வரும் பல செய்திகளின் நடையும் அதுவே.

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

சரோஜ் அம்மையாருக்கும் சல்மா அம்மையாருக்கும் செய்தி வாசிப்பது சில நிமிடப் பணி. அதன் முன்னே பெரும் உழைப்பும், பின்னே ஓர் அலுவலகத்தின் சரிபார்ப்பும் இருந்தன. இன்று நம் இல்லத்தில் ஒவ்வொருவரும் செய்தி வாசிப்பவரே. சரிபார்ப்பவர் மட்டும் எவரும் இலர். சித்தப்பா அனுப்பியது என்று அத்தைக்கும், அத்தை அனுப்பியது என்று சம்பந்தி வீட்டுக்கும் செய்தி பாய்கிறது. ஒரு பெண்ணின் பெயர் கெடுகிறது. ஒரு கடைக்காரரின் வாணிகம் கெடுகிறது. மதத்துக்கு மதம் ஐயம் வளர்கிறது. அனுப்பியவரோ, "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்று கையைக் கழுவிக்கொள்கிறார். பிலாத்துவும் கையைக் கழுவினான் அல்லவா!

அந்த மாலைக்குப் பின் நான் மேற்கொண்ட ஒழுங்கு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். எந்தச் சீட்டு வந்தாலும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைக்காமல் அதனை வாசிப்பதில்லை. இதனைக் கண்ணால் கண்டவர் யார்? இச்செய்திக்கு உரியவர்களுக்கு முதலில் தெரியுமா? இதனை நான் இப்போது சொல்லாவிட்டால் யாருக்கேனும் கேடு விளையுமா? மூன்றாவது வினா இருபுறமும் கூர்மையுள்ளது. கேடு விளையாதெனில் பொறுத்திருக்கலாம்; விளையுமெனில், சொல்லக் கசந்தாலும் காலந்தாழ்த்தாமல் சொல்லியாக வேண்டும். கணவன் வாங்கிய கடனை மனைவிக்கும், மருத்துவர் சொன்ன நோயை உரியவருக்கும் மறைத்து வைக்கும் குடும்பங்களில் பத்து மணி நேரமல்ல, பத்து ஆண்டுத் தாமதமே நிகழ்ந்துவிடுகிறது.

இந்த வாரம் இரவுச் செபமாலைக்குப் பின் ஒரு சிறு முயற்சி செய்து பாருங்கள். அன்று உங்கள் வாயிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ பிறருக்குச் சென்ற செய்திகளை ஒவ்வொன்றாக நினைவுகூருங்கள். எதையேனும் கூட்டியிருந்தால், குறைத்திருந்தால், உறுதியறியாமல் அனுப்பியிருந்தால், மறுநாளே உரியவரிடம் சென்று திருத்திச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். நானும் ஒரு தாயின் வாசலில் அந்த வெட்கத்தோடு நின்றவன்தான்.

கபிரியேல் தூதரைப் பாருங்கள். மானிட வரலாற்றின் மிகப் பெரிய செய்தியை நாசரேத்தூர்க் கன்னியிடம் கொண்டுவந்தார். அனுப்பியவர் சொன்னதைச் சொன்னார். மரியன்னை கேட்ட ஐயத்துக்கு விடை பகர்ந்தார். பணி முடிந்ததும் அகன்றார். தம்மைப் பற்றி அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி மட்டும் அந்த வீட்டில் தங்கிற்று.

இனி மின்கம்பத்தைக் கடந்து செல்லும்போது சற்றே அண்ணாந்து பாருங்கள். நம் ஊர்ச் சூளையில் வெந்த வெள்ளைப் பீங்கான் ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதற்குள்ள உறுதியை நம் நாவுக்கும் தந்தருளுமாறு இறைவனை இறைஞ்சுவோமாக.